பலகை வெட்டாமல் பொருந்தியது

செப்டம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். நதியாவின் நோட்டுப் புத்தகத்தின் மேல் ஒரு வெளிச்சக் கோடு வந்து விழுந்தது. நூல் கனம்தான். எழுதிக்கொண்டிருந்த வரியை யாரோ குறுக்கே அடித்துவிட்ட மாதிரி பக்கத்தின் நடுவில் கிடந்தது. கையால் மறைத்துப் பார்த்தாள். கோடு கையின் மேல் ஏறிக்கொண்டது.

சன்னல்கள் இடது பக்கம். கோடு வந்தது வலது பக்கச் சுவரிலிருந்து. வலது பக்கச் சுவரில் சன்னல் கிடையாது. வெறும் பலகைதான்.

வேங்கைமேடு சூசையப்பர் கோயிலுக்கு அந்த டிசம்பரில் நூற்றிருபத்தைந்து வருஷம் நிறைகிறது. விழா மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுதும் வேலையைப் பங்குச் சாமியார் நதியாவிடம் ஒப்படைத்திருந்தார். "நீங்கதான் டீச்சர் எதையும் விடாம எழுதுவீங்க" என்றார். அது உண்மை. ஆலங்காயத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில், தொலைந்துபோன சாவி எந்தத் தேதியில் தொலைந்தது என்பதுகூட அவளிடம் எழுதி இருக்கும். சனிக்கிழமைதோறும் காலையில் கணவன் அருண்ராஜின் மினி லாரியில் மலை ஏறுவாள். அவன் அவளைக் கோயிலில் இறக்கிவிட்டு ஜமுனாமரத்தூர் பக்கம் சாமையோ புளியோ ஏற்றப் போய்விட்டு ஐந்து மணிக்குத் திரும்புவான். அதுவரை கோயிலில் அவளும், பழைய பதிவேடுகளும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வேடியப்பனும் மட்டும்தான். பதிவேட்டில் அவர் பெயர் அந்தோணி. ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

வரலாறு என்று பார்த்தால் அந்தக் கோயிலுக்குச் சுவர்தான் வரலாறு. செங்கல்லும் சுண்ணாம்பும் மலை ஏற வழியில்லாத காலத்தில் பிரெஞ்சு தேசத்துச் சாமியார் ஒருவர் கட்டியது. மலை சனங்கள் வேங்கை மரம் கொடுத்தார்கள். கீழே ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம், நடுவில் இடுப்பு உயரத்தில் ஒன்று. அவற்றில் ஏழடிப் பலகைகளை நெருக்கி நிறுத்தி ஆணி அடித்தால் சுவர். கட்டின மறுவருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பதினான்கு பேர் செத்தார்கள். பெட்டி செய்ய மரம் அறுக்கக்கூடத் தெம்புள்ள ஆள் இல்லை. சாமியார் கோயில் சுவரிலிருந்து பதினான்கு பலகைகளைக் கழற்றிக் கொடுத்தார். காய்ச்சல் நின்ற பிறகு, பிழைத்த குடும்பங்கள் ஆளுக்கொரு பலகை கொண்டுவந்து, பிழைத்த பிள்ளையின் பெயரை அதன் அடியில் வெட்டி, சுவரை அடைத்தன.

அதிலிருந்து வந்ததுதான் வழக்கம். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழடியில் ஒரு பலகை. அந்த ஆள் செத்தால் பலகையை இறக்கி, அதையே பெட்டிக்கு மூடியாகப் போடுவார்கள். ஆகவே சுவரில் நிற்பதெல்லாம் உயிரோடு இருப்பவர்கள். இப்போது அறுபத்தோரு பலகைகள் மிச்சம். மீதி இடத்தில் தகரம். பிள்ளைகள் எல்லாம் ஆம்பூரிலும் திருப்பூரிலும் பிறந்து அங்கேயே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.

நதியாவின் மகள் அபிநயாவும் அப்படித்தான். எட்டாம் மாசத்தில் பிறந்த பிள்ளை. பிழைக்குமோ என்னவோ என்று வாணியம்பாடி ஆஸ்பத்திரியிலேயே ஒரு கன்னியாஸ்திரி அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார். பெயரை வேங்கைமேட்டுப் பதிவேட்டில் சேர்த்தார்கள், பலகை வைக்கவில்லை. ஒன்பது வருஷம் அதைப் பற்றி யாரும் நினைக்கவுமில்லை. ஜூலையில் நதியா பட்டியல் போட்டபோதுதான் தெரிந்தது. பங்கில் உயிரோடு இருப்பவர்கள், அவர்கள் பலகையின் எண். ஒரே ஒரு பெயருக்கு எதிரே கட்டம் காலி. அது அவள் மகளின் பெயர்.

காலிக் கட்டத்தை அவளால் விட முடியவில்லை.

சாமியார் வீட்டுக்குப் பின்னால் காற்றில் விழுந்து கிடந்த வேங்கை ஒன்று இருந்தது. வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினாள். ஆலங்காயத்தில் மரப்பட்டறை வைத்திருக்கும் லத்தீப் பாயை அழைத்துவந்தாள். அவர் ஏழடி அறுத்து, இழைத்து, அடியில் பெயரை வெட்டினார். உளி பட்ட இடத்திலெல்லாம் வேங்கையின் சிவப்புப் பால் கசிந்தது. ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளன்று ஆணி அடித்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வேடியப்பன் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே சொன்னார்:

"பலகை இல்லாததும் ஒரு குடுப்பினதான் டீச்சரம்மா."

மலைக்குக் கீழே குடியிருக்கும் தன்னைப் போன்றவர்களைக் குத்துகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் பலகையின் உச்சிக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவில்தான் வெளிச்சம் நுழைந்தது. மேசை மேல் ஏறி அளவு நாடாவைப் பிடித்தாள். ஆறடி பதினொன்றரை அங்குலம். மேல்சட்டத்தில் அடித்திருந்த இரண்டு ஆணிகள் சட்டத்திலேயே நின்றன. பலகைதான் அவற்றை விட்டுக் கீழே போயிருந்தது. ஆணி கிழித்த தடம் இல்லை. துளையும் இல்லை. உச்சி இழைத்த மாதிரி வழவழவென்று, விரல் வைத்தால் ஈரமாக.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் அளவும் எழுதி வைத்தாள். வேறு காரணம் இல்லை. பழக்கம்.

"பச்ச மரம்னா சுருங்கும்டி" என்றான் அருண்ராஜ், இறங்கும்போது. "நீ இப்டி அளக்கறதுக்கு என் வண்டி டயர்ல காத்து அளந்திருந்தா புண்ணியமா போயிருக்கும்."

சிரித்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பும்போதெல்லாம் பின்னால் சாமை மூட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்தில், கோயிலுக்குள் மத்தியானம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு சத்தம் அவளுக்கு நினைவு வந்தது. டக். கொஞ்சம் விட்டு, டக். மரத்துக்குள் யாரோ விரலை நெட்டி முறிக்கிற மாதிரி.

பதினான்காம் தேதி ஆறடி பத்து. இருபத்தொன்றாம் தேதி ஆறடி எட்டு.

அந்த வாரம் அவள் அடக்கப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டி அட்டை, கரையான் தின்ற ஓரம், பல சாமியார்களின் பல கையெழுத்து. எந்தக் கையெழுத்தானாலும் ஒவ்வொரு சாவுக்கும் கீழே ஒரே வரி இருந்தது. பலகை வெட்டாமல் பொருந்தியது. வெறும் சடங்கு வாசகம் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். ஆண்டவரில் நித்திரையடைந்தார் என்று எழுதுவதுபோல. விழா மலருக்குத் தலைப்பாக வைக்கலாம் என்றுகூட ஓரத்தில் குறித்திருந்தாள். வெளியே மழை பிடித்தது. தகர மறைப்புகளில் மழை பொரிந்தது, சுவர்ப் பலகைகள் ஈரம் வாங்கி உப்பின, பழைய மெழுகும் வௌவால் எச்சமும் வேங்கைப் பாலின் துவர்ப்பும் கலந்த வாடை தொண்டை வரை இறங்கியது. அந்த வாடையினூடே, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, அவள் ஒரு வரியைப் படித்தாள்.

1919. மரிய சூசை மகள் மார்த்தா. வயது மூன்று. பலகை மூன்றடி ஒரு அங்குலம். வெட்டாமல் பொருந்தியது.

பக்கத்தைத் திருப்பப் போனவள் திருப்பவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து 1916க்குப் போனாள். மார்த்தா. பலகை ஏழடி.

இன்னொன்று. 1934, பையன், வயது பதினொன்று. வைக்கும்போது ஏழடி. இறக்கும்போது நாலடி எட்டு. வெட்டாமல் பொருந்தியது. இன்னொன்று. இன்னொன்று. நூற்றுக்கும் மேல். கிழவர்களுக்கு ஐந்தடி ஏழு, ஐந்தடி நாலு. குழந்தைகளுக்கு மூன்று, இரண்டரை. ஒரு இடத்தில், ஒரு வயசுப் பிள்ளைக்கு, இரண்டடி ஏழு.

வெட்டவில்லை என்றால் மீதி எங்கே போனது?

டக், என்றது சுவர்.

வேடியப்பன் வெளியே வராந்தாவில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுபது இருக்கும். தினம் காலையில் மூங்கில் குச்சியால் தன் பலகையின் உச்சியைத் தட்டிப் பார்ப்பதை அவள் கண்டிருக்கிறாள். முதல் வாரமே கேட்டதற்கு, "மேல சட்டத்த தொட்டுக்கினு கீதானு பாப்பேன். தொட்டுக்கினு கீற வரிக்கும் பீடி குடிக்கலாம்" என்று சொன்னார். அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

"பெட்டி அளவு எப்டிங்க எடுப்பீங்க?" என்று இப்போது கேட்டாள்.

"ஆள் ஒசரம். அதுக்கு மேல நாலு வெரலு." தன் தலைக்கு மேல் விரல்களைப் படுக்கவைத்துக் காட்டினார். "அதான் டீச்சரம்மா பெட்டி."

"பலகை தானா அந்த அளவுக்கு வருமா?"

அவர் இன்னொரு பீடியைப் பற்றவைத்தார்.

"பாப்பா பலகை எறங்குதுங்க. நாலு அங்குலம்."

பீடியைத் தரையில் நசுக்கினார். நெடுநேரம் நசுக்கினார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். "நீங்க நோட்டுல எழுதிக்கினு இருந்தீங்க."

"கழட்டிப் போட்டுட்டா?"

"எறக்குனா மணி அடிக்கணும். மணி அடிச்சா குழி தோண்டணும். ஒண்ணு செஞ்சிட்டு ஒண்ணு செய்யாம நிறுத்த முடியாது. எங்கப்பன் காலத்துல ஒருத்தன் புள்ள பலகைய பேத்துக்கினு போயி காட்டுல பொதச்சிட்டான். எழுதி கீது பாருங்க."

எழுதி இருந்தது. 1952. பையன், வயது ஆறு. பலகை ஊரில் இல்லை. பெட்டி இல்லாமல் அடக்கம்.

இருபத்தெட்டாம் தேதி லத்தீப் பாயைக் கூட்டிவந்தாள். காரணம் சொல்லவில்லை. ஆறடி ஐந்தில் இருந்தது பலகை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தடவினார். தன் நாடாவைப் போட்டு அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"நான் அறுத்தது ஏழடி டீச்சர்."

"பச்ச மரம். சுருங்கியிருக்கும்னு அவர் சொல்றார்."

"மரம் அகலத்துல சுருங்கும். நீளத்துல சுருங்காது." மெதுவாகச் சொன்னார், பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்வதுபோல. "நாப்பது வருசமா மரந்தான். ஒரு நூல் கூட சுருங்காது." பிறகு பலகையின் மேற்புறத்தில் விரலை வைத்தார். அவர் போட்ட பென்சில் குறி அங்கே இருந்தது. "உச்சியிலேருந்து ஒரு ஜாண் தள்ளி இத போட்டேன். இப்பவும் ஒரு ஜாண்தான் கீது. பேரு அடியிலேருந்து ஒரு ஜாண். அதுவும் சரியா கீது. மேலயும் போவல. கீழயும் போவல." நிறுத்தினார். "அப்ப நடுவுல இன்னா ஆச்சு?"

அவள் ஏழு அங்குலத் துண்டு ஒன்றை ஒட்டி, இரும்புப் பட்டை வைத்து முடுக்கித் தரச் சொன்னாள். செய்தார். வெளிச்சக் கோடு அடைபட்டது. அன்று சாயங்காலம் வரை கோயில் இருட்டாக, நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் ஐந்தாம் தேதி அந்தத் துண்டு மேல்சட்டத்தில் தனியாகத் தொங்கியது. இரும்புப் பட்டை நேராக நீட்டிக்கொண்டிருந்தது. திருகாணிகளில் மரத்தூள்கூட இல்லை. அதற்குக் கீழே நாலு அங்குலம் காலி. அதற்கும் கீழே பலகை. அன்று அளந்தது ஆறடி ஒன்று.

லத்தீப் பாய்க்குப் போன் செய்தாள். "என்ன மன்னிச்சிக்குங்க டீச்சர், நான் இனிமே அந்த வூட்டுக்கு வர்ல" என்றார். பள்ளிவாசலையோ கோயிலையோ அவர் ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை.

அபிநயாவை வாணியம்பாடியில் டாக்டரிடம் காட்டினாள். ரத்தம், சிறுநீர், மார்புப் படம். எல்லாம் சரியாக இருந்தன. "எதுக்கும்மா இவ்ளோ டெஸ்ட்டு, பொண்ணு குதிரை மாதிரி கீறா" என்றார் டாக்டர். அபிநயா வெட்கப்பட்டாள்.

பங்குச் சாமியாருக்கு மூன்று பக்கம் எழுதினாள், தேதி, அளவு, பதிவேட்டின் பக்க எண்களோடு. வேலூரிலிருந்து பேசினார். ரொம்ப அலைகிறீர்கள் டீச்சர், ஒரு மாதம் ஓய்வெடுங்கள், ஜெபத்தில் வைக்கிறேன் என்றார். அருண்ராஜ் சிரிப்பதை நிறுத்திவிட்டான். கோபிக்கவும் இல்லை. சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து ஒரு கறித் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அவன் அப்படித்தான் வைப்பான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் தினமும் மகளைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்தாள். குதிகால் ஒட்டணும். முதுகு ஒட்டணும். நாடி நேராக. அபிநயாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கூப்பிடும் முன்பே போய் நின்றுகொள்வாள். நாலடி ஒன்று. பாலில் சத்துமாவு, காலையில் முட்டை, மாலையில் சுண்டல். வளர்ந்துவிட்டால் பொருந்தாது என்று நதியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நாலடி ஒன்று. மறுநாளும் நாலடி ஒன்று. நிலையில் பென்சில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே தடித்த கோடாயின.

"வளந்துட்டேனாம்மா?"

"வளந்துடுவ."

பன்னிரண்டாம் தேதி ஐந்தடி எட்டு. திறந்து கிடந்த இடத்தின் வழியாக இப்போது வெளியே பார்க்க முடிந்தது. கல்லறைத் தோட்டத்தின் புளியமரம் தெரிந்தது. அடுத்த வாரம் அதன் அடிமரமும் தெரிந்தது.

பத்தொன்பதாம் தேதி ஐந்தடி இரண்டு.

நாடாவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் உயரம் நாலடி பதினொன்று. மேலே நாலு விரல், மூன்று அங்குலம். ஐந்தடி இரண்டு. செருப்பைக் கழற்றினாள். பலகையில் முதுகை ஒட்டி நின்றாள். குதிகால், முதுகு, நாடி நேராக. தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். நாலு விரல் சரியாக இருந்தது.

"இத்தோட நிறுத்து" என்றாள். யாரிடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பீடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னாள். "என்ன எடுத்துக்க. என் அளவு சரியா கீது பாரு."

முதுகில் பலகை சில்லென்று இருந்தது. அப்படியே நின்றாள். கால் மரத்தது. வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, எதிர்ச்சுவரில் ஏறியது. ஒரு டக் இல்லை. ஒரு மணி நேரம். இரண்டு. அருண்ராஜின் ஹாரன் கேட்கும்வரை சுவர் ஒரு சத்தமும் போடவில்லை.

அன்று வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி பிரியாணி வாங்கினாள். மகளுக்கு வளையல் வாங்கினாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு தூங்கினாள். அந்த வாரம் முழுக்க, தான் சாகப்போகிறோம் என்ற நினைப்பு அவளுக்குள் ஒரு திருவிழா மாதிரி இருந்தது. பீரோ சாவி எங்கே, மகளின் ஆதார் எங்கே, எல்லாம் எழுதி அருண்ராஜின் பையில் வைத்தாள்.

இருபத்தாறாம் தேதி நாலடி ஏழு.

நோட்டில் எழுதினாள். எழுதிய எண்ணின் மேல் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தாள். மை பரவியது. பலகை அவளைத் தாண்டிப் போயிருந்தது. அவள் நின்றதே அதற்குத் தெரியாத மாதிரி.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். தீபாவளி முடிந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஆம்பூர், திருப்பூர், பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கல்லறைகளுக்குச் சாந்து பூசி, பூ வைத்து, மெழுகுவத்தி கொளுத்தும் நாள். ஐந்து மணிப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டியவள் நதியா. பட்டியல் எழுதியது அவள்தான் என்பதால். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால், பார்க்காத நேரத்தில் அது இன்னும் வேகமாக இறங்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டிருந்தது.

அருண்ராஜிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். "இன்னா ஆனாலும் அவள மலைக்கு ஏத்தக் கூடாது. நீ இன்னிக்கு வண்டி எடுக்காத. அவ பக்கத்துலயே இரு."

"சரி. போய்ட்டு வா." அவள் தலையைத் தொட்டுச் சொன்னான்.

பஸ்ஸில் வந்தாள். காலை பதினொன்றுக்கு அளந்தபோது நாலடி ஐந்து. ஒரு மணிக்கு நாலடி நாலரை. இப்போது நாடா தேவைப்படவில்லை. கண்ணாலேயே தெரிந்தது. திறப்பு இரண்டரை அடிக்கு மேல் விரிந்து, அதன் வழியாக முழுக் கல்லறைத் தோட்டமும் உள்ளே வந்தது. சாந்துக் கரண்டி சுரண்டும் ஒலி, சாமந்தி வாசம், யாரோ யாரையோ "டேய், தாத்தா மேல ஏறி நிக்காத" என்று அதட்டுவது. அதற்குள்ளே, இந்தப் பக்கம், டக். டக். அவள் சுவருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெயர்ப் பட்டியல். கை அதைப் பிடித்திருந்தது. வேறு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

போனில் சிக்னல் இல்லை. இரண்டு தடவை மேட்டுக்கு ஏறிப் பார்த்தாள். இல்லை.

நாலு மணி. டக்.

நாலு பத்து. டக்.

பிறகு ஒரு லாரியின் ஹாரன்.

அந்த ஹாரனை அவளுக்குத் தெரியும். எழுந்தாள்.

வாசலில் அருண்ராஜ். "கோவிச்சிக்காத. உனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், லைன் கெடைக்கல. காலையிலேருந்து உடம்பு லேசா சுட்டுது. மாத்திர குடுத்தேன், நிக்கல. டாக்டரும் தீபாவளிக்குப் போனவர் வரல. அம்மாகிட்டப் போவணும் அம்மாகிட்டப் போவணும்னு ஒரே அழுக. நான் இன்னாதான் செய்யட்டும்?"

"எங்க அவ?"

"இங்கதான். முன்னாடியே ஓடியாந்தாளே."

திரும்பினாள்.

அபிநயா பக்கவாட்டுக் கதவு வழியாக வந்திருந்தாள். புதுப் பாவாடை, காய்ச்சலில் சிவந்த கன்னம். சுவரின் முன் குனிந்து எதையோ விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என் பேரு" என்றாள். "அம்மா, இதுல என் பேரு கீது."

"அங்கேருந்து வா."

அவள் கையை நீட்டினாள்.

"அபி. வந்துடு."

பிள்ளை நிமிர்ந்தாள். பலகை அங்கே முடிந்து, அதற்கு மேல் வெளிச்சமாக இருப்பதைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. இது அவளுக்குத் தெரிந்த விளையாட்டு. தினம் ஆடுவது. செருப்பைக் கழற்றினாள். திரும்பினாள். குதிகாலை ஒட்டினாள். முதுகை ஒட்டினாள். நாடியை நேராக வைத்துக்கொண்டாள்.

டக்.

அது ஒன்றுதான். அதற்குப் பிறகு இல்லை.

நதியா காத்திருந்தாள். சுவர் சத்தம் போடவில்லை. எட்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒலி நின்றதும் கோயிலுக்குள் காது அடைத்த மாதிரி ஆயிற்று. பிள்ளையின் தலைக்கு மேலே பலகையின் விளிம்பில் சிவப்பாக ஒரு துளி திரண்டது. உருளவில்லை. வெளிச்சம் அங்கேயே நின்றது. ஒரு நூல்கூடக் கீழே வரவில்லை.

வெளியே, திறப்பின் வழியாக, வேடியப்பன் தெரிந்தார். அவர் உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பீடியைக் கீழே போட்டார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மணிக்கயிறு இருக்கும் பக்கமாக மெதுவாக நடந்தார்.

அபிநயா ஒரு கையைத் தூக்கித் தன் தலைக்கு மேல் படுக்கவைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"அம்மா, பாரேன். எனக்கு மேல நாலே வெரல்தான்." நாடியை அசைக்காமல், கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினாள். "வளந்துட்டேனா?"